இதில் மட்டும்தான் ஓடும்

மாமியார் கதவைத் தட்டுவதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டுவிட வேண்டும். வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, பனியனோடு கட்டிலில் சாய்ந்து, அப்பாடா என்று கண்ணை மூடும் நேரம் பார்த்து அந்தத் தட்டல் வரும். இரண்டே விரலால், மெதுவாக, கேட்டும் கேட்காமலும்.

“மாப்ள, இருக்கீங்களா?”

இல்லாமல் எங்கே போவான்?

“வாங்க அத்தை.”

அத்தை முதலில் வருவார். பின்னாலேயே மாமா, கையில் முக்காலியோடு. அறையில் இருப்பது ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர். அத்தை நாற்காலியில் உட்காருவார். மாமா முக்காலியில். அவன் கட்டில் ஓரத்தில், சொந்த அறையிலேயே விருந்தாளி மாதிரி. அத்தை சுவிட்சைப் போட்டு, திரையில் முதலாவதாக இருப்பதை இரண்டு தடவை தட்டுவார். யாரோ மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் அவன் மனைவி பேச ஆரம்பிப்பாள்.

“பாடம் ஒன்று. பாறைகள். பாறைகள் மூன்று வகைப்படும்.”

அவள் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. காய்ச்சல் என்று போய்ப் படுத்தாள், எழுந்து வரவில்லை. கண் தெரியாத பிள்ளைகள் கேட்டுப் படிப்பதற்காகப் பள்ளிப் பாடங்களை வாசித்துப் பதிவுசெய்வது அவள் வேலை. இந்த அறையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்பாள். கல்யாணப் படங்கள் இருக்கின்றன. அவற்றில் அவள் வாயைத் திறக்கவில்லை. குரல் என்று மிஞ்சியது பாறையும் காற்றும் மண்ணும்தான்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த வாரம், மாமா தன் போனை நீட்டினார்.

“மாப்ள, புள்ளையோட குரல இதுல ஏத்திக் குடுங்களேன். உங்க அத்தை கேக்கறா.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். அவன் அந்தப் போனையே பார்த்தான். அடுப்படியில் அந்தக் குரல். கூடத்தில். துணி காயப்போடும்போது மொட்டை மாடியில். அவன் குளிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில். போன் போகிற இடமெல்லாம் அவளும் போவாள்.

“இல்ல மாமா. அது வேற மாதிரி ஃபைலு. இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும்.”

மாமா பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். வயிற்றுவலி என்று சொல்லிக் கேட்டைத் தாண்டப் பார்த்த எத்தனையோ பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். மாப்பிள்ளை சொன்னதை மட்டும் அப்படியே நம்பினார்.

குரல் அந்த அறையை விட்டு வெளியே வராது என்று அவன் போட்ட கணக்கு தப்பவில்லை. வரவில்லை. கேட்கிறவர்கள்தான் உள்ளே வந்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

போதாததற்குக் கம்ப்யூட்டருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு வியாதி. தீப்பாறைகள் முடிந்து, “படிவுப் பாறைகள் என்பவை” என்று அவள் தொடங்குவாள். படக். திரை இருண்டுவிடும். அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆறியதும் போட்டால் மறுபடி பாடம் ஒன்று, பாறைகள் மூன்று வகைப்படும்.

“அடியே, ரெண்டாவது பாடத்தப் போடேன்” என்பார் மாமா.

“ஒண்ணு முடியாம ரெண்டுக்குப் போறதா? அவ ஒழுங்கா வாசிச்சிருக்கா. நாம ஒழுங்காக் கேக்க வேணாமா?”

“அந்த மூணாவது பாறை என்னன்னு தெரியாமலே நான் கண்ண மூடிருவேன் போலிருக்கு.”

“வாட்ச்மேனுக்கு எதுக்குப் பாறை? நீங்க கேட்டப் பாத்தா போதும்.”

வியாதி என்ன என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி ஒரு சில்லு. வேலை செய்தால் கொதிக்கும். அதன் தலைமேல் ஒரு உலோகக் கட்டியும் விசிறியும் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பசை உண்டு. அது காய்ந்து பொரிந்துபோனால், கட்டி மேலே சும்மா உட்கார்ந்திருக்கும், சில்லு கீழே வெந்துகொண்டிருக்கும். தாங்காத கட்டத்தில் கம்ப்யூட்டர் தானே அணைந்துகொள்ளும். பழையதைத் துடைத்துப் புதுப் பசை வைத்தால் தீர்ந்தது. கடையில் தினமும் அதைத்தான் செய்கிறான். கொதிக்கிற மிஷின் எது வந்தாலும் குளிரவைத்துக் கொடுப்பதால் அங்கே அவனுக்கு ‘ஐஸ்’ என்று பட்டப்பெயர். ஊராருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த ஐஸ், வீட்டில் கொதித்ததைத் தொடவில்லை. அந்தப் படக்குக்குப் பிறகு அறையில் ஒரு அமைதி வரும். அதற்காகத்தான் தினமும் கட்டில் ஓரத்தில் காத்திருந்தான்.

தொட வேண்டிய காலம் வந்தது. வேறு ஊரில், ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. புதன்கிழமை சேர வேண்டும். அந்தச் செய்தி போனிலேயே கிடந்தது. வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒருமுறை, “அத்தை, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தான். அத்தை அப்போதுதான் அணைந்த திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன ஆனாலும் நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம் மாப்ள. இல்லாட்டி என் கதி என்ன, சொல்லுங்க? என்னமோ விஷயம்னீங்களே?”

“ஒண்ணுமில்ல. நாளைக்குக் கடைல லேட்டாகும்.”

யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிக்க வெந்நீர், தோய்த்து மடித்த சட்டை. கோழி குஞ்சைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு எப்போதோ போயிருப்பான். திட்டவே இல்லை. பாழாய்ப்போன நல்ல மனிதர்கள்.

கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இதைச் சரிசெய்துவிட வேண்டும். இன்னும் பல வருடம் எவன் கையும் படாமல் ஓடும்படி செய்துவிட வேண்டும். செய்துவிட்டால் சொல்லிக்கொண்டு கிளம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு எடுத்துப் போகிறேன் என்றான். அத்தை கதவை மறித்து நின்றுவிட்டார்.

“அது வாசப்படி தாண்ட வேணாம் மாப்ள. எதுவானாலும் இங்கயே, என் கண்ணு முன்னாடி செய்ங்க.”

எனவே கட்டில்மேல் பழைய போர்வையை விரித்து, கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு, ஸ்பிரிட், பசை அடைத்த சிரிஞ்ச் எல்லாம் வரிசையாக வந்தன. மாமா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன மாப்ள, ஊசியெல்லாம் இருக்கு. மயக்கம் குடுத்துத்தான் அறுப்பீங்களா?”

“இது பேஸ்ட் மாமா.”

“பேஸ்ட்டா? இதுக்குப் பல்லு எங்க இருக்கு?”

“சும்மா இருங்க நீங்க” என்றார் அத்தை. “அவரே பதட்டமா இருக்காரு.”

அவனுக்குப் பதட்டம் இல்லை. எதுவுமே இல்லை. ஒரு வருடமாக அப்படித்தான்.

“ரெண்டும் வழவழன்னுதான் இருக்கும் மாமா. ஆனா ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா நடுவுல கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும். சந்துல காத்து. காத்து இருந்தா சூடு மேல போகாது. பேஸ்ட் அந்தச் சந்த அடைக்கும்.”

“பக்கத்துல பக்கத்துல இருந்தும் ஒட்டாம இருக்கும்னு சொல்லுங்க.”

“ஆமா மாமா.”

பழைய பசை சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். அதனால் இதில் ஒரு முறை உண்டு. முதலில் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பசை இளகும். அப்புறம் அணைத்து, கட்டியை இடமும் வலமுமாகத் திருகி, மெதுவாக எடுக்க வேண்டும். ஆறிப்போன கட்டியைப் பிடித்து இழுத்தால் சில்லும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவன் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

ஆனால் ஓடவிடுவதென்றால் சுவிட்சைப் போட வேண்டும். போட்டால் அத்தை, “ஓடறதே ஓடுது, கொஞ்சம் கேட்டுக்கறேனே” என்பார். காலையிலேயே பாறைகள் மூன்று வகைப்படும்.

அவன் சுவிட்சைப் போடவில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி, கட்டியைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தூக்கினான்.

நறுக்கென்று ஒரு சத்தம். கட்டி கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தான். அதன் அடியில் சில்லு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சில்லின் அடிப்பக்கம் முழுக்க மயிரிழை மயிரிழையாகக் கம்பிகள். ஒரு மூலையில் அவை காற்றடித்த புல் போலச் சாய்ந்து கிடந்தன.

மாமா குனிந்து பார்த்தார்.

“என்னமோ பிஞ்சுகிட்டு வந்துருச்சே” என்றார் அத்தை.

அவன் கட்டியைப் போர்வைமேல் வைத்தான்.

“மாப்ள, இதுதான கம்ப்யூட்டருக்கு மூளைன்னு அன்னிக்குச் சொன்னீங்க? இதுலதான் அவ இருக்காளா?”

போச்சு அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றிலிருந்து தட்டல் கிடையாது. யார்மேலும் பழி இல்லை, மிஷின் பழசு. இரண்டு நாள் அழுவார்கள். புதன்கிழமை அவன் பனியனோடு எந்த ஊரிலோ எந்தக் கட்டிலிலோ படுத்திருக்கலாம். வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது.

“சொல்லுங்க மாப்ள. அவ போயிட்டாளா?”

இதே கேள்வியை, இதே குரலில், ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு அத்தை கேட்டிருந்தார். அன்று தலையை ஆட்டியவன் அவன்தான். கழுத்துக்கு இன்னொரு தடவை அது முடியவில்லை.

“இல்ல அத்தை. குரல் இதுல இல்ல. அந்தா, கீழ தெரியுதே டப்பா, அதுக்குப் பேரு டிஸ்க். அதுல இருக்கு. இது செத்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

அத்தை கண்ணை மூடித் திறந்தார். மாமா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப அந்த டிஸ்க வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா?”

“பேசும் மாமா.”

“போன்ல போட்டா?” மாமா குரலை உயர்த்தவில்லை. பள்ளிக்கூடக் கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, எங்க தம்பி வலிக்குது, இங்கயா அங்கயா என்று கேட்கிற குரல் அது.

“போன்லயும் பேசும்.”

“அன்னிக்கு ஓடாதுன்னீங்களே.”

“ஓடும் மாமா.”

சுவரில் பல்லி ஒன்று ஓடியது. நல்லதா கெட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. அத்தை கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

“ஏன்னு கேக்க மாட்டேன். உங்க மனசு உங்களுக்கு” என்றார். “ஆனா மாப்ள, இது ஒரு ஆம்பள படுக்கற ரூமு. எம்பொண்ணும் இப்ப இல்ல. தெனம் கதவத் தட்டறதுக்கு முன்னால எவ்வளவு நேரம் வெளிய நிப்பேன் தெரியுமா? இன்னிக்கு என்ன மூஞ்சியோ, என்ன களைப்போ, இந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்லையான்னு நெனப்பாரோன்னு. பாதி நாள் திரும்பிப் போயிடலாம்னு தோணும். இவர முக்காலியத் தூக்கிட்டு வாங்கன்னு இழுத்துட்டு வந்ததே துணைக்குத்தான்.”

“எனக்கு அந்தப் பாறையே புடிக்கல” என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

அடைபட்டுக் கிடப்பது தான் ஒருவன் மட்டும்தான் என்று அவன் எண்ணியிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தர் தினமும் மாட்டிக்கொண்டு நின்றது தெரியாது.

“சரி. அதை மொதல்ல நிமித்துங்க” என்றார் அத்தை. “பாதில விட்டா எப்படி?”

நிமிர்த்தினான். கட்டியைச் சூடுகாட்டிச் சில்லைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஷேவிங் பிளேடின் முதுகால் ஒவ்வொரு கம்பியாகத் தூக்கினான். வேகமாகத் தூக்கினால் ஒடியும். பயந்து தூக்கினால் எழாது. அத்தை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் வரிசைக்கு வந்ததும், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பொரிந்த பசையைத் துடைத்தான். பஞ்சு பஞ்சாகச் சாம்பல் நிறம் வந்தது. அடியில் சில்லு கண்ணாடி மாதிரி மின்னியது. அதைச் சாக்கெட்டில் வைத்தான். தள்ளாமலே இறங்கியது. சிரிஞ்சை நடு மையத்தில் வைத்து ஒரு மிளகளவு பசையை விட்டான்.

“அவ்வளவுதானா?” என்றார் மாமா.

“அவ்வளவுதான். அதிகம் வெச்சா வழியும். மேல இருக்கறது அழுத்தும்போது தானே பரவிக்கும்.”

“இவ்வளவூண்டு மருந்துக்கா இத்தன நாளு?”

அவன் கட்டியை நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினான். மூடியைப் போடாமலே சுவிட்சைத் தட்டினான். விசிறி சுற்றியது. திரை வெளுத்தது. அத்தை நாற்காலிக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அவனே முதலாவதைத் தட்டினான்.

தீப்பாறைகள் வந்தன. “படிவுப் பாறைகள் என்பவை” வந்தது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். அது அணையவில்லை. ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டுகிற மண் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாவதை அவள் நிதானமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு, “மூன்றாவது வகை உருமாறிய பாறைகள்” என்றாள்.

“ஓ! இதுதானா?” என்றார் மாமா. “நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன்.”

கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது அவருக்கு.

“பாடம் ஒன்று நிறைவுற்றது” என்று அவள் முடித்தாள். ஆனால் பதிவு முடியவில்லை. பேப்பர் புரளும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். பாடம் வாசிக்கிற குரல் போய், வேறொரு குரல்.

“ஏங்க... ஏங்க! கேக்குதா? முடிஞ்சுது. வந்து கதவத் தொறங்களேன், உள்ள வேகுது. ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. இல்ல, நீங்க மட்டும் வந்தாலும் சரிதான்.”

ஒரு சின்னச் சிரிப்பு. அத்துடன் நின்றது.

மாமா முக்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தை அவனைப் பார்க்கவில்லை. தெருப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பாடமெல்லாம் எங்களுக்குப் போதும் மாப்ள. அவர் போன்ல போட்டுக் குடுத்துடுங்க. ஆனா கடைசில இருக்கறது உங்களுக்குச் சொன்னது. நாங்க கேக்கக் கூடாது. அத மட்டும் வெட்டிட்டுப் போடுங்க. எல்லாப் பாடத்துலயும் இருக்கான்னு பாத்துடுங்க.”

“அத்தை, எனக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. புதன்கிழம சேரணும்.”

எப்படியோ வாயிலிருந்து விழுந்துவிட்டது. அத்தை திரும்பினார்.

“செவ்வாய்க்கிழம சாயங்காலம் பஸ்ஸா?”

“ஆமா.”

“போங்க. எத்தன நாளைக்கு இந்த ரூம்ல கெடப்பீங்க? சின்ன வயசு.” வாசல்வரை போனவர் நின்றார். “போட்டுக்கற துணியெல்லாம் எடுத்து வைங்க. தோச்சுத் தரேன்.”

அழுவார், பிடித்து வைப்பார் என்று மறுப்பதற்கான வார்த்தைகளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். ஒன்றும் செலவாகவில்லை. கதவு திறந்தே கிடந்தது.

அன்றே உட்கார்ந்தான். திங்கட்கிழமை கடைக்குப் போய், வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான். ஒவ்வொரு பாடத்தின் கடைசி நிமிடத்துக்கு நேரே தாவினால் போதும், அரைநாளில் முடியும். அவன் தாவவில்லை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் மூச்சு இழுக்கும் சத்தத்திலிருந்து கேட்டான். சிலவற்றின் கடைசியில் வெறும் இருமல். ஒன்றில் எதிர்வீட்டு நாயைத் திட்டினாள். ஒன்றில் எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பல பாடங்களில், ஏங்க. வெட்டி எடுத்ததைத் தனியாகச் சேர்த்துவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக மாமாவின் போனில் ஏற்றிக்கொண்டுவந்தான். நடுநடுவே கம்ப்யூட்டரின் பக்கத்தில் கைவைத்துப் பார்த்தான். சூடே இல்லை. ஐஸின் கைவேலை, நாள் முழுக்க ஓடினாலும் அணைவதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டி கட்டியாகிவிட்டது. பாடங்கள்தான் இன்னும் முடியவில்லை. அத்தை மடித்துக் கொடுத்த சட்டைகள் மேலாக இருந்தன. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“மாப்ள, ஆட்டோ வந்து நிக்குது. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவன் காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தான். காற்று முடிந்து, மண் தொடங்கியிருந்தது. மண் எத்தனை வகைப்படும் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

“அடுத்த பஸ்ல போறேன் மாமா.”

“அடுத்த பஸ் நாளைக்கு ராத்திரிதான். வேலைக்கு என்ன சொல்லுவீங்க?”

“தெரியல மாமா.”

மாமா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆட்டோக்காரனிடம் சொல்லி அனுப்புவதற்காகப் படியிறங்கிப் போனார். போகிறபோது கதவைச் சாத்தப் போய், என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அவன் எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.